முற்றைப் பிடித்தால் எழுவாய் கிடைக்கும்

கன்னிவாடிப் பக்கத்துக் காய்கறி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போவதை வைத்தே ஓர் ஆங்கில வாக்கியம் அமைப்போம்: 'த லாரி தட் கேரீஸ் வெஜிடபிள்ஸ் ஃப்ரம் த ஃபார்ம்ஸ் டு த மார்க்கெட்ஸ் லீவ்ஸ் அட் டென்.' எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லி வருபவை இந்த மாதிரி வாக்கியங்கள்தான். 'மார்க்கெட்ஸ்' பக்கத்திலேயே நிற்பதால் 'லீவ்' என்று திருத்தத் தோன்றும்.

எழுவாயை முதலில் தேடாதீர்கள். வினைமுற்றைத் தேடுங்கள். இங்கே 'கேரீஸ்', 'லீவ்ஸ்' என்று இரண்டு முற்றுகள். தமிழில் சொன்னால், 'காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி பத்து மணிக்குக் கிளம்புகிறது.' 'செல்லும்' பெயரெச்சம், முற்று ஒன்றுதான். நாம் எச்சம் வைக்கும் இடத்தில் ஆங்கிலம் இன்னொரு முற்றை, அதற்கென்று ஓர் எழுவாயோடு வைத்துவிடுகிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அவர்களுக்கு இலக்கணம் வராது என்று சொல்வது அநியாயம். எழுவாயும் பயனிலையும் திணை, பாலில் ஒத்துப்போவதைத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே விரிவாகப் பேசுகிறது.

'கேரியிங்', 'டு கேரி' போன்றவை முற்று அல்ல. 'த டொமேட்டோஸ் பாட் யெஸ்டர்டே வேர் ரைப்' என்பதில் 'பாட்' இறந்தகால முற்றுபோலத் தெரியும். அதன் பொருள் 'வாங்கிய'. முற்று 'வேர்' மட்டுமே.

அடுத்து பென்சிலை எடுங்கள். 'ஃப்ரம்', 'டு', 'ஆஃப்', 'நியர்' போன்ற முன்னிடைச்சொல்லையும் அதைத் தொடரும் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அந்தப் பெயர் எழுவாய் ஆகாது. 'மார்க்கெட்ஸ்' அதோடு விலகிவிடும். பிறகு 'தட்', 'ஹூ', 'விச்' தொடங்கும் பகுதியை, அதன் முற்றையும் சேர்த்து அடைத்துவிடுங்கள். மிஞ்சுவது 'த லாரி லீவ்ஸ்'. கிளம்புவது எது? லாரி. 'கேரீஸ்' என்பதன் எழுவாய் 'தட்'; அது லாரியைக் குறிப்பதால் அங்கும் ஒருமை.

முன்னால் எதுவும் மிஞ்சாவிட்டால் பின்னால் பாருங்கள். 'பிஹைண்ட் த ஸ்கூல் ஸ்டேண்ட் டூ ட்ரீஸ்': நிற்பவை மரங்கள்.

நன்றாகப் படிப்பவர்களும் தவறவிடும் வாக்கியம் ஒன்று உண்டு. 'ஒன் ஆஃப் த கேர்ள்ஸ் ஹூ லிவ் இன் கன்னிவாடி சிங்ஸ் வெல்.' 'கன்னிவாடியில் வசிக்கும் பெண்களில் ஒருத்தி நன்றாகப் பாடுகிறாள்' என்று சொல்லிப் பாருங்கள். வசிப்பவர்கள் பெண்கள், அதனால் 'லிவ்'. பாடுபவள் ஒருத்தி, அதனால் 'சிங்ஸ்'. முன்னால் 'த ஒன்லி' சேர்ந்து 'த ஒன்லி ஒன்' என்றானால், அங்கே வசிப்பவளும் அந்த ஒருத்திதான். 'லிவ்' உடனே 'லிவ்ஸ்' ஆகிவிடும்.