மன்றம் இல்லாத ஊரில் மனைக்குக் கணக்குக் கேட்பது யார்?

தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் ஒரு புதுக் குடியிருப்புத் திட்டம் வந்தால், கவுன்சில் கூட்டத்தில் கொஞ்சமாவது சத்தம் கேட்கும். தண்ணீர் எங்கிருந்து வரும், சாக்கடை எங்கே போய்ச் சேரும், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பூங்காவாகவே இருக்குமா என்று ஏதாவது ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து கேட்பார். அவர் கேட்காவிட்டால், அடுத்த தேர்தலில் அவரை வாக்காளர்கள் கேட்பார்கள்.

நெய்வேலி நகரியத்தில் அப்படியொரு கூட்டமே கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தாண்டிய ஊர் இது. நகராட்சித் தலைவர் இல்லை, கவுன்சிலரும் இல்லை. எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் தேர்ந்தெடுக்கும் மக்களுக்குத் தங்கள் தெருவுக்கென்று ஒரு பிரதிநிதி கிடையாது. வீடு கட்டுவது, இடிப்பது, ஒதுக்குவது எல்லாம் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனத்தின் நகர நிர்வாகம் எடுக்கும் முடிவுகள்.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குத் தேர்தலைக் கட்டாயமாக்கியது. கூடவே ஒரு விலக்கும் தந்தது: தொழில் நிறுவனமே நகராட்சிச் சேவைகளைச் செய்யும் இடத்தை ஆளுநர் ‘தொழில் நகரியம்’ என்று அறிவித்தால், அங்கே நகராட்சி வேண்டியதில்லை. ஜாம்ஷெட்பூரில் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நெய்வேலியில் அது அந்த அளவுக்கு வளரவில்லை.

காரணம் இருக்கிறது. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வெளிப்பட்ட மண்ணிலிருந்து தொடங்கிய கதை இது. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் காலி செய்யப்பட்டன. பிறகு காகிதத்தில் வரைந்து எழுப்பிய ஊர் வந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், பள்ளிகள், கடைவீதி, விளையாட்டுத் திடல், சாலையோரமெங்கும் மரங்கள். கவுன்சில் உள்ள பல ஊர்களில் கிடைக்காத ஒழுங்கு இங்கே கவுன்சில் இல்லாமலே கிடைத்தது. அதனால் கேள்வி எழவில்லை.

கேள்வி எழுவது ஓய்வுபெறும்போதுதான். குவார்ட்டர்ஸ் பணிக்காலத்துக்கு மட்டுமே. முப்பது வருடம் வாழ்ந்த வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். பிள்ளைகள் படித்த ஊரை விட மனமில்லாதவர்கள் நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகர், வடக்குத்து பக்கமும் மந்தாரக்குப்பம் பக்கமும் மனை வாங்கினார்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். முந்திரித் தோப்புகள் மனைகளாக, திட்டமிட்ட நெய்வேலியை ஒட்டித் திட்டமிடாத இன்னொரு நெய்வேலி வளர்ந்தது.

அங்கே அனுமதிக்கு முறை உண்டு. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு விட வேண்டும். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே ஊராட்சியின் இறுதி அனுமதி. ஆனால் தமிழ்நாடு முழுக்க இந்த முறை எவ்வளவு மீறப்பட்டது என்பதை, அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது பார்த்தோம். அடுத்த ஆண்டே அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் மனை வரன்முறையாகிவிடும். விடாத வடிகாலை எந்தக் கட்டணமும் விட்டுத் தராது.

ஊராட்சியில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். கேட்க இடம் இருக்கிறது. ஆனால் நகரமாகிவிட்ட கிராமத்தைத் திட்டமிட ஆளும் பணமும் இல்லை. 2025 ஜனவரியில் கடலூர் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது கேட்பதற்குத் தலைவரும் இல்லாமல் போனார். ஆக, உள்ளே திட்டம் இருந்தது, மன்றம் இல்லை. வெளியே மன்றம் இருந்தது, திட்டம் இல்லை. நிலத்தடி நீர் மட்டும் இரண்டுக்கும் பொது. சுரங்கத்தில் நீரழுத்தம் ஏறாமலிருக்க இரவு பகலாக இறைக்கப்படுவதும் அதே நீர்தான். வெளியே நூறு வீடு கூடினாலும் உள்ளே பழைய வீடுகள் இடிந்தாலும், இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு மேசை கிடையாது.

இது அவசரமா என்று கேட்கலாம். முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. வீடுகளை என்ன செய்வது என்ற கேள்வி இன்றில்லாவிட்டாலும் நாளை வரும். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது, தலைமுறைகளாக ‘லைன்’ வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த வீடு யாருக்கு என்ற கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் அலைந்தன. வேலை தந்த நிறுவனமே வீட்டுக்கும் சொந்தக்காரராக இருந்தால், வேலை போகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

நகராட்சி ஆக்குவது ஒன்றுதான் வழி என்பதில்லை. நகரியத்தின் வட்டங்களிலிருந்து மக்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், சுற்றியுள்ள ஊராட்சிகள், நிறுவனம், நகர் ஊரமைப்புத் துறை ஆகிய நான்கு தரப்பும் உட்காரும் ஒரு கூட்டுக் குழுவை அரசு அமைக்கலாம். புது மனைப்பிரிவோ, புதுக் குடியிருப்போ, பழைய குவார்ட்டர்ஸை இடிக்கும் திட்டமோ அந்தக் குழுவின் பொது விசாரணைக்கு வந்த பிறகே நகர வேண்டும். நிறுவனம் நல்ல நிலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு கூடும் குழுவுக்கு, இழப்பீட்டைத் தவிர பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது.