கல்லறைத் திருநாளுக்கு வந்து சேரும் வண்ணத்துப்பூச்சிகள்

அரை கிராம் எடையுள்ள ஓர் உயிர் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை ஏறத்தாழ 4,000 கிலோ மீட்டர் பறந்து செல்கிறது என்றால் நம்புவதற்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கும். செம்மஞ்சள் இறக்கையில் கருங்கோடுகள் கொண்ட அந்த வண்ணத்துப்பூச்சிக்குப் பேரரசன் என்று பொருள்படும் மோனார்க் என்பது பெயர். வியப்பு தொலைவில் மட்டுமன்று. வசந்தத்தில் மெக்சிகோவிலிருந்து வடக்கே புறப்படுவது வழியிலேயே முட்டையிட்டு மடிந்துவிடுகிறது. அதன் மக்களும் பேரப்பிள்ளைகளும் சில வாரங்களே வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக வடக்கே சென்று கனடாவை எட்டுகின்றன. கோடை முடிவில் பிறக்கும் தலைமுறை மட்டும் எட்டு மாதம் வரை வாழும். தான் ஒருநாளும் கண்டிராத மலைக்கு, வழிகாட்டும் மூத்தோர் எவருமின்றி, அதுவே திரும்பிச் செல்கிறது.

அவை குளிர்காலத்தில் எங்கே ஒதுங்குகின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. விடை தேடியவர் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் பிரெட் அர்கார்ட். மனைவி நோராவுடன் சேர்ந்து, பூச்சிகளின் இறக்கைகளில் முகவரி அச்சிட்ட சிறு சீட்டுகளை ஒட்டிப் பறக்கவிட்டார். முதலில் ஒட்டியவை மழையில் கழன்று விழுந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான தன்னார்வலர் இப்பணியில் சேர்ந்தனர். இறுதியில் 1975 ஜனவரியில், கென் பிரக்கர், கத்தலினா அகுவாடோ என்னும் இருவர் மெக்சிகோவின் மிச்சோவக்கான் மாநிலத்தில், 3,000 மீட்டர் உயரத்து மலைக்காட்டில், தேவதாரு போன்ற மரங்களை மறைத்துத் தொங்கிய கோடிக்கணக்கான பூச்சிகளைக் கண்டனர். (பிரக்கர் வண்ணங்களைப் பிரித்தறிய இயலாதவர் என்பது வேடிக்கை.) மறு ஆண்டு அர்கார்டே மலையேறினார். பாரம் தாங்காமல் ஒடிந்து அவர்முன் விழுந்த கிளையில், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட பூச்சியொன்று இருந்தது.

இறையியல் மேற்படிப்புக்காக நான் டொராண்டோவில் தங்கியிருந்தபோது, 2006 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, உடன் பயின்ற குருக்கள் இருவருடன் பாயிண்ட் பெலி தேசியப் பூங்காவைக் காணப் புறப்பட்டேன். அது ஈரி ஏரிக்குள் ஊசிபோல் நீண்டிருக்கும் மணல்முனை. தெற்கே செல்லும் மோனார்க்குகள் ஏரியைக் கடக்குமுன் நல்ல காற்றுக்காக அங்கே காத்திருக்கும்.

அருகிலுள்ள லீமிங்டன் கண்ணாடிக்குடில் தக்காளிக்குப் பெயர் பெற்ற ஊர். 1974 முதல் மெக்சிகோ நாட்டுத் தொழிலாளர் ஒப்பந்தத்தின் பேரில் கனடாவின் பண்ணைகளுக்கு வருகின்றனர். ஆண்டில் எட்டு மாதம் வரை தங்கலாம், குடும்பத்தை அழைத்துவர இயலாது. அன்று மாலை அவர்களுக்கான ஸ்பானிய மொழித் திருப்பலியில் கலந்துகொண்டோம். திருப்பலிக்குப் பின், நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டறிந்த ஒருவர், ஆங்கிலம் அறிந்த நண்பர் வாயிலாகப் பேசினார். மிச்சோவக்கான் மலையடிவாரமே அவர் சொந்த ஊர்.

"அவை எங்கள் ஊருக்குத்தான் போகின்றன, பாத்ரே. மரித்தோரின் ஆன்மாக்களே அவ்வுருவில் வருகின்றன என்பார்கள் எங்கள் பெரியோர். ஜூலையில் என் தாய் இறந்துபோனார். ஒப்பந்தத்தை விட்டுப் போனால் மறு ஆண்டு அழைப்பு வராது என்று அஞ்சி இங்கேயே இருந்துவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு இவை போய்ச் சேர்ந்துவிடும். நான் டிசம்பரில்தான் போவேன்."

ஆன்மா பூச்சியாக வரும் என்பது திருச்சபையின் போதனையன்று. ஆயினும் அந்நேரத்தில் அவருக்கு மறைக்கல்வி நடத்த எனக்கு மனம் வரவில்லை. தாயின் பெயரைக் கேட்டுக்கொண்டேன்; மறுநாள் திருப்பலியில் அப்பெயரைச் சொல்லி மன்றாடினேன்.

ஞாயிறு காலை மணல்முனையில் மரக்கிளைகளெங்கும் காய்ந்த சருகுகள் தொங்குவதாகவே தோன்றியது. வெயில் படப்படச் சருகுகள் ஒவ்வொன்றாக விரிந்து செம்மஞ்சளாயின. வடக்கிலிருந்து காற்று எழுந்ததும், மேகம்போல் அன்று, ஒன்றும் இரண்டுமாக நீரின்மேல் பறந்து மறைந்தன.

1996-97 குளிர்காலத்தில் மெக்சிகோவில் அவை 18 ஹெக்டேர் காட்டை நிறைத்திருந்தன, 2023-24இல் 0.9 ஹெக்டேராகச் சுருங்கின. அடுத்த ஆண்டு 1.79 ஹெக்டேர். மலையில் மரம் வெட்டுவது ஒரு காரணம். வடக்கே சோள, சோயா வயல்களில் தெளிக்கும் களைக்கொல்லி, புழுக்களின் ஒரே உணவான பால்செடியை அழித்தது மற்றொன்று. மரம் வெட்டுவதைக் கைவிட்டுக் காட்டின் காவலராக மாறிய ஒமேரோ கோமெஸ் 2020 ஜனவரியில் காணாமற்போய், பிணமாகவே மீட்கப்பட்டார்.

அந்தப் பால்செடி நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. நவம்பர் 2ஆம் நாளுக்கு முன் எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் இளைஞர், மூலையில் நிற்கும் எருக்கஞ்செடியையும் வெட்டிவிடலாமா என்று ஆண்டுதோறும் கேட்கின்றனர். வேண்டாம், தம்பிகளே என்கிறேன். மோனார்க்கின் நெருங்கிய உறவான வெந்தய வரியன் அதில்தான் முட்டையிடுகிறது.