வாடும் கறிவேப்பிலைக்கு மறுவாழ்வு

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த செடியாகும். இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இச்செடி, இன்று மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் அடுக்குமாடி வீடுகளிலும் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. தாளிப்புக்கு நான்கு இலைகளைப் பறிக்கச் செல்லும்போது, இலைகளின் ஓரம் பழுப்பு நிறமாகிக் காய்ந்திருப்பதைச் சிலர் காண்பதுண்டு. உடனே, செடிக்குத் தண்ணீர் போதவில்லை எனக் கருதிக் குவளை குவளையாக ஊற்றுவர். பல வேளைகளில் அந்தத் தண்ணீரே செடியைக் கொன்றுவிடுகிறது.

வேர்களுக்கு நீர் மட்டுமன்றிக் காற்றும் தேவை. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில் அக்காற்று தங்கியிருக்கும். மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால், அவ்விடைவெளிகளை நீர் நிரப்பிவிடும். வேர்கள் மூச்சுத் திணறும். பூஞ்சை பரவி அவை அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. அதனால், நீர் தேங்கிய தொட்டியில் இருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது. நீரின்றி வாடும் செடியும் நீர் மிகுந்து வாடும் செடியும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எனவே, இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

முதலில், விரலை மண்ணுக்குள் 3 சென்டிமீட்டர் ஆழம் வரை நுழைத்துப் பார்க்க வேண்டும். மண் உலர்ந்திருந்தால், தொட்டியின் அடித்துளை வழியாக நீர் வெளியேறும் வரை ஊற்றலாம். மண் ஈரமாக இருந்தால் நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, செடியை மெதுவாக வெளியே எடுத்து வேர்களைச் சோதிக்க வேண்டும். நலமான வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரோ கருத்து, குழைந்து, துர்நாற்றம் வீசும்.

அழுகிய வேர்களைத் தூய்மையான கத்தரிக்கோலால் வெட்டி நீக்க வேண்டும். பின்னர், இரண்டு பங்கு தோட்ட மண்ணுடன் ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு மக்கிய உரமும் கலந்து, அடியில் துளைகள் உள்ள தொட்டியில் செடியை மீண்டும் நட வேண்டும். எஞ்சிய வேர்களால் எல்லா இலைகளுக்கும் நீர் வழங்க முடியாது. ஆகையால், கிளைகளில் சிலவற்றையும் வெட்டிவிடுவது நல்லது. வெளிச்சம் உள்ள நிழலில் ஏறத்தாழ இரண்டு வாரம் வைத்திருந்து, பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். புதிய துளிர் தோன்றும் வரை மேலும் உரம் இடக்கூடாது. மிகுதியான உரத்திலுள்ள உப்பு, வேர் நீரை உறிஞ்சுவதைத் தடுத்து இலை நுனியைக் கருகச் செய்யும்.

தொட்டியின் அடியில் வைக்கும் தட்டையும் மறந்துவிடக்கூடாது. அதில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களும் பெருக இடமளிக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில், கொசுவின் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே முழு வளர்ச்சி பெற்ற கொசுவாகிவிடும். ஆகவே, தட்டில் உள்ள நீரை அவ்வப்போது கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நோயுற்ற செடி தேறுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை நாள்தோறும் மண்ணைத் தொட்டுப் பார்த்து, தேவை அறிந்து நீர் ஊற்றினால் போதும். காய்ந்த கிளையின் கணுவில் பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தால், வேர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்று பொருள்.