பிறமொழிப் பயிற்சியும் பேசும் பொறியும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் மொழித்துறையில் என்றும் மாணாக்கரே. பெரியவர்கள் இந்தியையோ மராத்தியையோ வங்காளத்தையோ அலுவலகத்திலும் அங்காடியிலும் கற்கின்றனர். அவர்தம் மக்களுக்கோ தமிழே இரண்டாம் மொழியாகிவிடுகிறது. இவ்விரு சாரார் கையிலும், 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் இன்று இருக்கின்றன. கேட்ட மாத்திரத்தில் கடிதம் எழுதித் தரும், பிழை திருத்தும், நள்ளிரவிலும் சலிப்பின்றி உரையாடும். இவற்றைக் கொண்டு மொழி கற்பிக்கப் புகுமுன், ஆராய்ச்சியாளர் எவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும்?

நம் கருத்தில் தலையாய வினா இது: பொறியை விலக்கிவிட்டால் கற்பவனிடம் எஞ்சுவது யாது?

துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளியொன்றில் ஏறத்தாழ 1,000 மாணவரிடையே 2023இல் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2025இல் அச்சேறியது. கேட்டதற்கெல்லாம் விடை தரும் பொறியுடன் பயின்றோர், பயிற்சிக் கணக்குகளில் மற்றவரினும் 48 விழுக்காடு மிகுதியாக மதிப்பெண் பெற்றனர். பொறியின்றித் தேர்வெழுதியபோதோ, அதனைத் தொட்டே அறியாத மாணவரினும் 17 விழுக்காடு தாழ்ந்தனர். விடையைக் கூறாது, ஆசிரியர் வகுத்த குறிப்புகளை மட்டும் தந்த மற்றொரு வகைப் பொறியில் இத்தீங்கு பெரும்பாலும் காணப்படவில்லை.

கணக்கில் கண்டது மொழிக்கும் பொருந்துமா? பொருந்தும் என அஞ்சக் காரணம் உண்டு. கனடாவில் பிரெஞ்சு மொழி வழியாகப் பாடம் பயின்ற ஆங்கிலச் சிறுவர், பல ஆண்டுகள் கேட்டும் படித்தும் நன்கு புரிந்துகொண்டனர். ஆயினும் பேச்சிலும் எழுத்திலும் பிழை நீங்கவில்லை. புரிந்துகொள்வது மட்டும் போதாது, கருத்தைத் தானே திருத்தமாக வெளியிடும்படி கற்பவன் உந்தப்படுதலும் வேண்டும் என்று மெரில் ஸ்வெயின் என்னும் அறிஞர் 1985இல் எடுத்துரைத்தார். பொறியோ அம்முயற்சியையே தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இதனை நாளும் காண்கிறோம். கால்மணி நேரம் அகராதியில் தேடி அடைந்த சொல் நெஞ்சில் நிற்கும்; தேடாமலே வந்த சொல் மாலைக்குள் மறையும். ஆனால் இஃது அநுபவமேயன்றி ஆய்வு ஆகாது. ஒரு பருவமேனும் பயில்வித்து, பொறியை விலக்கி, சில திங்கள் கழித்துச் சோதிக்கும் ஆய்வுகளே தேவை.

அடுத்தது நம் மொழிக்குரிய சிக்கல். இப்பொறிகள் பெரிதும் ஆங்கில எழுத்துகளை உண்டு வளர்ந்தவை. அவற்றுக்குக் கிட்டிய சிறிதளவு தமிழும் பெரும்பாலும் எழுத்துத் தமிழே. தில்லியில் வளரும் சிறுமி, திருநெல்வேலியிலுள்ள ஆச்சியிடம் தொலைபேசியில் ‘நாளைக்கு வாரேன்’ என்று சொல்ல வேண்டும். ‘நாளை வருகிறேன்’ என்று பொறி கற்பித்தால் ஆச்சி நகைப்பார். சிறுமி நாணி மீண்டும் இந்திக்கே போய்விடுவாள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2023இல் 22 அட்டவணை மொழிகளுக்கும் மொழிபெயர்ப்புப் பொறி அளித்தது பாராட்டுக்குரியதே. எனினும் மொழிபெயர்ப்பது வேறு, கற்பிப்பது வேறு. எவருக்கு எந்நடையை எப்போது கற்பிப்பது என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியது.

மூன்றாவது, நீதி பற்றியது. ‘இதைப் பொறி எழுதிற்று’ என்று துப்புரைக்கும் ஏழு கருவிகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் 2023இல் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை பொறியின் எழுத்தென்றே தவறாக முடிவுகட்டின. எளிய சொற்களில் எழுதியதே அவர்கள் செய்த குற்றம்!

ஆய்வுகள் வரும்வரை வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. குழந்தை முதலில் தானே நான்கு வரி எழுதட்டும். பின்னர் பொறியிடம், திருத்தித் தரும்படி கேளாது, பிழையுள்ள வரியை மட்டும் சுட்டும்படி கேட்கட்டும்.