பதினைந்து உதைகளும் ஒரு ஊகமும்

கலிஃபோர்னியாவின் பொமோனா நகரில் 2004இல் நடந்த எவோ என்ற சண்டை வீடியோகேம் போட்டியின் ஒரு காட்சி இன்றும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட்டு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமெஹாரா கென்னை ஆட்டுவிக்கிறார், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் சுன்-லீயை. கென்னின் உயிர்க்கோடு மயிரிழை அளவுக்குத் தேய்ந்துவிட்டது. சுன்-லீ தன் சூப்பரை அவிழ்க்கிறாள்: அடுத்தடுத்து பதினைந்து உதைகள். இதை பிளாக் செய்தாலும் உதைக்கு உதை கொஞ்சம் உயிர் கழியும் என்பதால், தடுத்தாலும் சாவுதான்.

டைகோ அத்தனையையும் பாரி செய்தார், அதாவது துளி உயிரும் கழியாமல் தட்டிவிட்டார். கடைசி உதையை அந்தரத்தில் துள்ளி முறித்து, இறங்கியதும் திருப்பியடித்து ரவுண்டை முடித்தார். அரங்கம் எழுந்து கூச்சலிட்டது. அந்த வீடியோவைப் பார்க்கிறவர்கள் அவருடைய கைவேகத்தைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கென்னவோ வேகம் அதில் பாதிக்கதைகூட இல்லை என்றே படுகிறது.

கணக்கைப் பாருங்கள். இவ்வகை ஆட்டங்கள் விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகின்றன. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. ஃப்ரேமில் சொன்னால் 12 முதல் 15. பாரிக்கு அடி விழும் தருணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிராளி பக்கம் தட்ட வேண்டும், அதற்குக் கிடைப்பது அதிகம் போனால் பத்து ஃப்ரேம். பிளாக் செய்வது பின்னால் இழுப்பது என்பதால், பாரி செய்ய விரும்புகிறவர் காப்பைக் கைவிட்டாக வேண்டும். சுன்-லீயின் முதல் உதையோ திரை மின்னியதுமே வந்து விழுவது, பார்த்துவிட்டுத் தட்ட நேரமே கிடையாது. டைகோ முன்கூட்டியே தட்டியிருந்தார். சூப்பர் கையில் இருக்கும்போது, ஒரு கீறல் உயிரோடு நிற்பவன்மீது எதிராளி அதைச் செலவிடுவான் என்று எதிர்பார்த்து நின்றார். முதல் தட்டு ஊகம், மற்றவை பலநாள் பழகிய தாளம்.

இப்படி நிற்பதற்குத்தான் பொறுமை வேண்டும். பொறுமை என்றதும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று நினைக்கிறோம். பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கம் கைகாட்டுகிறது. அதில் எந்த விளக்கு எரிகிறதோ அதற்கான விசையை அழுத்த வேண்டும்; விளக்குகள் கூடக்கூட விரல் தாமதமானது. தாவுவானா, பிடித்து எறிவானா, நெருப்புப் பந்து விடுவானா என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருப்பவர் எல்லாவற்றுக்கும் தாமதமாவார். மனதில் இப்படி ஏறும் சுமையை ஆட்டக்காரர்கள் ‘மென்டல் ஸ்டாக்’ என்கிறார்கள். நாமே பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால், நம் அடி பட்டதா என்று பார்ப்பதும் அந்தச் சுமையில் சேர்ந்துவிடும். அவசரக்காரருக்கு இரட்டை நஷ்டம்.

எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்று பிரித்துக்கொள்வதுதான் உத்தியின் தொடக்கம். குட்டிக் குத்து நாலைந்து ஃப்ரேமில் வந்துவிடும். அதை எந்தச் சாம்பியனும் பார்த்துத் தடுப்பதில்லை. ஒரு தாவலோ அரை விநாடிக்கும் மேல் அந்தரத்தில் இருக்கும், பார்த்தே அடித்து இறக்கலாம். மற்றவை ஊகம். அடி எறிதலை வெல்லும், எறிதல் பிளாக்கை வெல்லும், பிளாக் அடியை வெல்லும். இந்தச் சுழலில் பிடிகொடுக்காமல் ஆட ஒரே வழி தாறுமாறாக மாற்றிக்கொண்டே இருப்பது, ஆனால் மனிதர்களுக்கு உண்மையான தாறுமாறு வருவதில்லை. இரண்டு முறை எறியப்பட்டவர் மூன்றாம் முறை தப்பிக்கப் பெரும்பாலும் துள்ளுவார். முதல் ரவுண்டில் கொஞ்சம் உயிரைக் கொடுத்தாவது எதிராளியின் இந்தப் பழக்கங்களைப் பொறுக்கி வைப்பவர் கடைசி ரவுண்டில் அவற்றைச் செலவழிக்கலாம்.

பழகுவதற்கு ஒரு வழி உண்டு. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இன் பயிற்சி அறையில் பொம்மை எதிராளிக்கு அசைவுகளைப் பதிவு செய்யலாம். தாவல் ஒன்று, நெருப்புப் பந்து ஒன்று, சும்மா நடப்பது ஒன்று எனப் பதிந்து, கலைத்துப்போட்டு ஓடவிடுங்கள். தாவலுக்கு மட்டும் கை அசையட்டும். பொம்மை சும்மா நடந்து வரும்போது விரல் பட்டனை அழுத்தாமல் இருப்பதுதான் முதல் வாரத்தில் ரொம்பச் சிரமம்.