வாகனப் பழுதுநீக்கக் கைக்கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

வாகனப் பழுதுநீக்கக் கைக்கருவிகள் என்பவை, மின்சாரமோ அழுத்தக் காற்றோ இன்றிக் கைவிசையால் மட்டும் இயங்கும் கருவிகளாகும். ஸ்பானர், ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர், திருப்புளி, குறடு, சுத்தியல், அரம், உளி ஆகியவை இவற்றில் முக்கியமானவை. தரமற்ற கருவியால் வரும் இழப்பு அதன் விலையோடு முடிவதில்லை. நட்டின் முனை மழுங்கும், போல்ட் முறியும், மெக்கானிக்கின் கை வழுக்கி அடிபடும். சரியாக இறுகாத நட்டு ஓடும் வண்டியில் கழன்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

மதுரையும் வாகனத் தொழிலும்

தென் தமிழ்நாட்டின் வாகனத் தொழிலில் மதுரைக்குப் பழைய இடம் உண்டு. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் இங்குதான் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பேருந்துகள் அரசுடைமையான பின் 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. இன்று கோ.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் பணிமனைகள் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் 2 ஆண்டுகள் பயின்று வெளிவரும் மாணவர் பலர், குறைந்த பணத்தில் முதல் கருவிப்பெட்டியை வாங்க வேண்டிய நிலையில் இருக்கின்றனர்.

இப்பகுதியின் வேலைக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. மதுரைச் சமவெளி வறண்டது. ஆனால் தூத்துக்குடியிலிருந்து உப்பும் இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மீனும் ஏற்றி வரும் வண்டிகள் இவ்வழியே செல்கின்றன. உப்புநீர் பட்டுத் துருவேறிய நட்டுகளைக் கழற்றும்போதுதான் கருவியின் தரம் உண்மையில் தெரியவரும்.

எஃகும் பதமும்

நல்ல ஸ்பானர் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகால் ஆனது. சிவக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டை அச்சுக்குள் வைத்து ஓங்கி அடித்து உருவாக்குவர். பிறகு வாயை அளவாகக் கடைந்து, மீண்டும் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குவர். கடினமாக்கியதும் எஃகு எளிதில் நொறுங்கும் தன்மையை அடைவதால், மிதமான வெப்பத்தில் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துவர்.

மதுரைக்கு அருகிலுள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் வைப்பதும் இதே அடிப்படையில்தான். பதம் குறைந்தால் விளிம்பு மடங்கும்; கூடினால் தெறிக்கும். ஸ்பானருக்கும் இது பொருந்தும். பதம் குறைந்த ஸ்பானரின் வாய் விரியும். அளவுக்கு மீறிக் கடினமானது திடீரென முறியும்.

மேலே தெரியும் பளபளப்பு துருவைத் தடுக்கும் பூச்சு மட்டுமே. அது உள்ளிருக்கும் எஃகைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதாலும் பயனில்லை. சாதாரண இரும்பும் நல்ல எஃகும் காந்தத்தில் ஒட்டும்.

இந்தியாவில் கைக்கருவி உற்பத்திக்குப் பஞ்சாபின் ஜலந்தரும் இராஜஸ்தானின் நாகௌரும் பெயர்பெற்றவை. இத்துறைக்கான மத்தியக் கைக்கருவி நிறுவனம் 1983-இல் ஜலந்தரில் அமைக்கப்பட்டது. இந்தியத் தரநிர்ணய அமைவனம் திறந்த வாய் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2029, திருப்புளிக்கு ஐ.எஸ். 844 எனத் தனித்தனித் தரங்களை வகுத்துள்ளது.

அளவுப் பொருத்தம்

எவ்வளவு உயர்ந்த எஃகாயினும் அளவு பொருந்தாவிட்டால் பயனில்லை. ஸ்பானரில் பொறித்த எண், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரத்தைக் குறிக்கும். போல்ட்டின் தடிமனை அன்று. 8 மி.மீ. போல்ட்டின் தலை பொதுவாக 13 மி.மீ. இருக்கும், ஜப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றும் வண்டிகளில் அது 12 மி.மீ. ஆகும். 10 மி.மீ. போல்ட்டின் தலை 14, 16, 17 மி.மீ. என வண்டிக்கு வண்டி மாறும்.

பழைய புல்லட், அம்பாசிடர் போன்ற வண்டிகளில் அங்குல அளவு நட்டுகள் உண்டு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதன்மீது 13 மி.மீ. ஸ்பானரைப் போட்டால் இடைவெளி 0.3 மி.மீ.தான், கண்ணுக்குப் பொருந்தியது போலவே தோன்றும். ஆனால் அழுத்தம் கொடுத்தவுடன் விசை முழுவதும் நட்டின் முனைகளில் குவிந்து அவற்றை மழுக்கிவிடும்.

திறந்த வாய் ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பிடிக்கிறது. ரிங் ஸ்பானர் நட்டைச் சுற்றிப் பிடிப்பதால் விசை பரவலாகிறது. எனவே இறுகிய நட்டை முதலில் ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பானரால் தளர்த்திவிட்டு, மீதியைத் திறந்த வாய் ஸ்பானரால் விரைவாகக் கழற்றுவது நல்ல பழக்கம். பாக்ஸ் ஸ்பானரில் 12 முனை கொண்டது குறுகிய இடத்தில் எளிதில் மாட்டும். துருப்பிடித்த நட்டுக்கு 6 முனை கொண்டதே ஏற்றது. அது பக்கங்களை அகலமாகப் பிடிக்கும்.

கூட்டல் குறி வடிவத் திருகுகளிலும் வேறுபாடு உண்டு. ஜப்பானியத் தரத் திருகின் பள்ளமும் வழக்கமான பிலிப்ஸ் பள்ளமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் திருப்புளி ஜப்பானியத் திருகில் ஆழமாக உட்காராமல் வழுக்கி மேலே ஏறும். இருசக்கர வாகனங்களின் கார்புரேட்டர் திருகுகள் கெடுவதற்கு இது ஒரு காரணம். சில ஜப்பானியத் திருகுகளின் தலையில் சிறு புள்ளி பொறிக்கப்பட்டிருக்கும்.

விசையும் நீளமும்

பத்தாம் வகுப்பு இயற்பியலில் வரும் திருப்புத்திறன் என்பதைத்தான் பணிமனையில் ‘டார்க்’ என்கின்றனர். விசையை, அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். 25 செ.மீ. நீள ஸ்பானரின் முனையில் 200 நியூட்டன் விசை (ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தூக்கத் தேவையான விசை) கொடுத்தால் 50 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். பைப் செருகி நீளத்தை 50 செ.மீ. ஆக்கினால், அதே கைவிசை 100 நியூட்டன் மீட்டராகும். ஸ்பானரின் நீளம் அதன் வாய் தாங்கும் அளவைக் கருதியே அமைக்கப்படுகிறது. ஆகவே பைப் செருகுவது ஸ்பானரை உடைக்கும், அல்லது போல்ட்டின் மரையை அறுக்கும்.

சிறு கார்களின் சக்கர நட்டுகளுக்கு ஏறத்தாழ 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை தேவைப்படும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் காணலாம். குறைவாக இறுக்கினால் சக்கரம் கழலும். மிகையாக இறுக்கினால் போல்ட் நீண்டு பின்னாளில் முறியும். சக்கரம், பிரேக், என்ஜின் தலை ஆகிய இடங்களில் கைப்பழக்கத்தை மட்டும் நம்பாமல் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துவது இதனால்தான். அதை நட்டைத் தளர்த்தப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* அளவும் தயாரிப்பாளர் பெயரும் கருவியில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒட்டிய தாளோ அச்சிட்ட மையோ போதாது.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதனுடன் உள்ள உரிம எண்ணைத் தரநிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.
* ஒரு புதிய நட்டைக் கையோடு கொண்டுசென்று வாயில் பொருத்திப் பார்க்க வேண்டும். எளிதில் நுழைய வேண்டும். ஆனால் ஆடக் கூடாது.
* வாயின் இரு உட்பக்கங்களும் இணையாக இருக்க வேண்டும். பூச்சில் கொப்புளமோ உரிதலோ இருக்கக் கூடாது.
* குறட்டை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் வெட்டும் விளிம்புகளுக்கு இடையே ஒளி தெரியக் கூடாது. திறந்து மூடும்போது அச்சாணி பக்கவாட்டில் ஆடக் கூடாது.
* சுத்தியலின் தலை கைப்பிடியில் அசையாமல் ஆப்பு அடித்து இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.
* குறட்டின் பிளாஸ்டிக் உறை மின்காப்பு ஆகாது. மின்சார வாகன வேலைக்கு இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற பொறிப்பும் உள்ள கருவி தேவை.

மதுரைத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்றது. பழைய கருவி என்பதாலேயே ஒன்று தரம் குறைந்ததாகிவிடாது. நல்ல எஃகுக் கருவி பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் வாய் விரிந்தது, சாணைக்கல்லில் தேய்த்து அளவு மாற்றியது, பற்றவைப்புத் தடம் உள்ளது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முதல் கருவிப்பெட்டி

நூறு துண்டுகள் கொண்ட மலிவான தொகுப்பைவிட, அன்றாடம் பயன்படும் சில நல்ல கருவிகள் மேலானவை. இருசக்கர வாகனப் பணிக்கு 8, 10, 12, 13, 14, 17 மி.மீ. ரிங் ஸ்பானர்களும் அதே அளவுகளில் 6 முனை பாக்ஸ் ஸ்பானர்களும் ஒரு கைப்பிடியும் முதலில் வாங்கத்தக்கவை. இவற்றுடன் மூன்று திருப்புளிகள், ஒரு குறடு, அரை கிலோ சுத்தியல் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். எப்போதாவது மட்டும் தேவைப்படும் கருவிகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பயன்பாடும் பராமரிப்பும்

ஸ்பானரைத் தள்ளுவதைவிடத் தன் பக்கமாக இழுப்பது பாதுகாப்பானது. தள்ளும்போது வழுக்கினால் விரல் முட்டிகள் இரும்பில் மோதும். திருப்புளியை உளியாகவோ, ஸ்பானரைச் சுத்தியலாகவோ பயன்படுத்தக் கூடாது. காற்றழுத்தத் துப்பாக்கியில் அதற்கென உள்ள கறுப்பு நிறத் தடித்த சாக்கெட்டையே மாட்ட வேண்டும்; பளபளக்கும் சாதாரண சாக்கெட் வெடித்துச் சிதறலாம். நாள் முடிவில் எண்ணெய்த் துணியால் துடைத்து, அளவு வரிசையில் அடுக்கினால் துருவும் அண்டாது. காணாமல் போன கருவியும் உடனே தெரிந்துவிடும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், அது வண்டியின் என்ஜின் அறைக்குள்ளேயே கிடக்கக்கூடும். ஆகவே வண்டியை உரியவரிடம் ஒப்படைக்கும் முன் கருவிகளை எண்ணிப் பார்ப்பது கட்டாயம்.