ஒரு துளி நீரில் இறைவனின் கைவண்ணம்

நம் ஆலயத்தின் பின்புறமுள்ள சிறு குட்டையைத் தூர்த்துவிடுவதெனப் பங்குப் பேரவை முடிவு செய்திருந்தது. கொசுத் தொல்லை மிகுதி. திருவிழா நாள்களில் வண்டிகள் நிறுத்த இடமில்லை. பச்சை படர்ந்த அந்நீரால் யாருக்கு என்ன பயன்? நாமும் அவ்வாறே எண்ணி, முடிவில் கையொப்பமிட்டோம். மண் கொணர நாளும் குறித்தாயிற்று.

அவ்வேளையில் மறைக்கல்வி மாணவன் ஒருவன் தாளால் ஆன நுண்ணோக்கி ஒன்றோடு வந்து நின்றான். "சாமி, நம்ம குட்டைத் தண்ணிய இதுல ஒருக்காப் பாருங்க" என்றான்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நம் நாட்டவரான மனு பிரகாஷும் அவர்தம் குழுவினரும் 2014-இல் உலகறியச் செய்த 'ஃபோல்ட்ஸ்கோப்' அது. தாளை மடித்துச் செய்யும் இக்கருவி, பொருளை ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கைப்பேசியின் கேமராக் கண்ணோடு காந்தத்தால் இணைத்தால் படமும் எடுக்கலாம்.

முதல் நாள் எடுத்த படங்களில் மூடுபனியன்றி வேறொன்றும் தெரியவில்லை. கை நடுங்கியது, துளி உலர்ந்தது, உயிர்கள் ஓடி மறைந்தன. பொறுமையே முதற்பாடமாயிற்று. பாசியைப் பிழிந்தெடுத்த துளியில் உயிர்கள் மிகுதி என்றறிந்தோம். அதில் இரண்டு மூன்று பஞ்சிழைகளைப் பரப்பினால், அவை வேலிபோல் நின்று உயிர்களின் ஓட்டத்தைத் தடுக்கும். மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்தால் நீர் விரைவில் உலராது. ஒளி சீராய் இருத்தல் வேண்டும். ஆயினும் கதிரவனை நேரே நோக்குதல் கண்ணுக்குக் கேடு.

பின்பு கண்ட காட்சியை என்னென்போம்! கால் மில்லிமீட்டர் அளவேயான பரமேசியம், உடலெங்கும் உள்ள நுண்மயிர்களைத் துடுப்பாக்கி நீந்துகிறது. மணி வடிவ வார்டிசெல்லா, தீண்டப்பட்டவுடன் தன் காம்பைச் சுருள்வில்லெனச் சுருக்கிக்கொள்கிறது. ரோட்டிஃபரின் தலையில் இரு சக்கரங்கள் சுழல்வனபோல் தோன்றுகின்றன. உண்மையில் அது நுண்மயிர்களின் அசைவே. கண்ணாடிப் பேழை போன்ற சிலிக்கா ஓடணிந்த டயாட்டங்களும் அங்கே உள்ளன. உலகில் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் உழைப்பு என்பர் அறிஞர்.

இவ்வுலகை முதலில் கண்டு உரைத்தவர்களுள் தலையாயவர் ஹாலந்து நாட்டு லீவன்ஹுக். அவர் பெரும்பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர், துணி வணிகர். இழைகளின் தரத்தைச் சோதிக்க உருப்பெருக்குக் கண்ணாடியைப் பயன்படுத்துவது அத்தொழிலினர் வழக்கம். அவர் 1674-இல் ஏரி நீரை நோக்கி, அதில் சிற்றுயிர்கள் திரிவதை எழுதினார். தறியொலி கேட்கும் சேலத்தாருக்கு இச்செய்தி இனிக்குமன்றோ! நம் தமிழகத்திலும் எம்.ஓ.பி. அய்யங்கார் குளங்களின் பாசிகளை ஆராய்ந்து, தென்னிந்திய வால்வாக்ஸ் இனங்களைப் பற்றி 1933-இல் ஆய்வுரை வெளியிட்டார்.

எனினும் வியப்பில் மயங்கி உண்மையை மறத்தலாகாது. அத்துளியில் ஒற்றைக்கண் சைக்ளாப்ஸும் இருந்தது. முற்காலத்தில் நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்து பரப்பியது இவ்வினமே. நீரைத் துணியில் வடிகட்டிப் பருகும் எளிய பழக்கம் அந்நோயை விரட்டப் பெரிதும் உதவிற்று. 2000-இல் இந்தியா அதனின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. அதே சைக்ளாப்ஸ் இனங்களுள் சில, கொசுவின் இளம்புழுக்களைப் பிடித்துத் தின்னும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் நம் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலுமே முட்டையிடுகிறது. குற்றவாளியை நம் வாசலில் வைத்துக்கொண்டு குட்டையைத் தண்டிக்க இருந்தோம்!

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தின் வழியே காவிரியை அடையும் திருமணிமுத்தாறு, சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து ஓடும் அவலத்தை நாம் அறிவோம். கழிவு மிகுந்த நீரில் உயிரினங்களின் வகை குறைந்து, தாங்கவல்ல சிலவே பெருகும். ஆகவேதான் டயாட்டங்களைக் கொண்டே நீரின் நலத்தை ஆய்வாளர் அளக்கின்றனர். ஆற்றை இழந்த நாம், எஞ்சிய குட்டையையும் இழப்பது முறையா?

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அம்மாணவன் எடுத்த படங்களை ஆலய மண்டபத்தில் திரையிட்டோம். தூர்க்கவேண்டுமென உரக்க வாதிட்ட பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "இத்தனை சீவன் இருக்கறது தெரியாமப் போச்சுங்க சாமி" என்றார். நமக்கும் தெரியாமற்போயிற்று என்று அவ்விடத்திலேயே ஒப்புக்கொண்டோம். முடிவு மாற்றப்பட்டது. குட்டையைத் தூர்வாரினோம், குழந்தைகள் தவறி விழாதிருக்கச் சுற்றிலும் வேலியிட்டோம். திருவிழா வண்டிகளுக்கு இடந்தேடும் கவலை மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், பாசியும் புழுவும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் இயற்கையின் நல்லியக்கத்திற்கு இன்றியமையாதவை என நினைவூட்டினார். நீர்நிலைகளை உயிர்களால் நிரப்பியவர் இறைவன் எனத் தொடக்கநூல் கற்பிக்கிறது. அவ்வுயிர்களுள் பெரும்பாலானவை நம் கண்ணுக்குப் புலப்படாதவை. பயனில்லை என்று ஒன்றை ஒதுக்குமுன், அதனை உற்று நோக்கினோமா என நம்மை நாமே வினவுவோமாக. இதனை நமக்குக் கற்பித்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன்.